தனிமனிதன், தனிநபர், தனியன்: ஒரு கருத்தாக்கமும் அதன் தமிழ் வடிவங்களும்

1. முன்னுரை

மொழிபெயர்ப்பில் இடர் விளைவிப்பவை பெரும்பாலும் அரிய சொற்கள் அல்ல. எல்லோரும் அறிந்தவை எனக் கருதப்படும் எளிய சொற்களே. மேலை மொழிகளில் 'இண்டிவிஜுவல்' எனப்படும் சொல் அத்தகையது. மெய்யியல், சட்டம், பொருளியல், மானிடவியல், உளவியல், உயிரியல், மொழியியல் ஆகிய துறைகள் அனைத்தும் இச்சொல்லை ஆள்கின்றன; ஆனால் ஒவ்வொரு துறையும் அதனால் வெவ்வேறு பொருளைக் குறிக்கிறது. தமிழில் இதற்கு ஈடாகத் தனிமனிதன், தனிமனிதர், தனிநபர், தனியாள், தனியன், நபர், ஆள், ஒருவர் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இவை ஒன்றுக்கொன்று மாற்றாகக் கையாளப்படுவதும் உண்டு. அவ்வாறு கையாளும்போது பொருள் எங்கே பிறழ்கிறது, எந்தச் சொல் எந்தத் துறைக்குப் பொருந்தும் என்பவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளக்கத்திற்கு உரிய களமாக மும்பை மாநகரின் வடகிழக்கு எல்லையில், தாணேவை ஒட்டி அமைந்துள்ள முலுண்ட் கொள்ளப்படுகிறது. மாநகராட்சியின் 'டி' வட்டமாகிய இப்பகுதியில் மராத்தி, குஜராத்தி, இந்தி ஆகிய மொழிகளோடு தமிழும் வழங்குகிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் போல இங்கும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. இங்கு வாழும் ஒரு தமிழர் குடும்ப அட்டையில் ஒரு குடும்பத்தின் உறுப்பினர். ஆதார் அட்டையில் தனித்த எண்ணுக்கு உரியவர். வருமானவரிக் கணக்கில் தம் பெயரிலும், தாம் தலைவராக உள்ள கூட்டுக் குடும்பத்தின் பெயரிலும் இரு வேறு 'ஆட்கள்' சார்பில் கையெழுத்திடக் கூடியவர். இவ்வாவணங்களின் மூலவடிவம் ஆங்கிலத்திலோ மராத்தியிலோ அமைகிறது. அவற்றைத் தமிழில் விளக்க முற்படுவோர் முதலில் எதிர்கொள்வது, இங்கு அலகாகக் கொள்ளப்படுபவர் யார் என்னும் வினாவையே.

2. சொல்வேர்கள் காட்டும் ஐந்து நோக்குகள்

ஒரு கருத்தை மொழிகள் எப்பக்கத்திலிருந்து அணுகின என்பதைச் சொற்பிறப்பு ஓரளவு காட்டும். சொற்பிறப்பே பொருள் ஆகிவிடாது. எனினும் அது சொல்லின் சாய்வை உணர்த்தும்.

முதலாவது, பிரிக்க முடியாமை. இலத்தீன் மொழியில் 'இண்டிவிடுவும்' என்பது பகுக்க இயலாதது என்று பொருள்படும். அணு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லுக்கு ஈடாகச் சிசரோ இதனை ஆண்டார். பின்னர்த் தருக்கநூலார், பேரினம், சிற்றினம் எனப் பகுத்துக்கொண்டே வந்து, அதற்குமேல் பகுக்கவொண்ணாத கடைநிலையில் நிற்பதை இச்சொல்லால் குறித்தனர். 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போயத்தியசு, அறிவியல்புடைய பகாப்பொருளே 'ஆள்' என வரையறுத்தபோது, பிரிபடாமையும் ஆள் என்னும் தகுதியும் ஒன்றாக இணைந்தன.

இரண்டாவது, வெளிப்படுதல். வடமொழியில் 'வியக்தி' என்பது வெளிப்பட்டது, புலப்பட்டது எனப் பொருள் தரும். சொல் குறிப்பது இனப்பொதுமையையா, தனிப்பொருளையா என்னும் விவாதம் பதஞ்சலியின் மகாபாடியத்திலேயே இடம்பெற்றுள்ளது. வாசப்பியாயனர் பொதுவடிவத்தையும், வியாடி தனிப்பொருளையும் சொல்லின் பொருளாகக் கொண்டனர். சாதி, வியக்தி என்னும் இணை பின்வந்த தருக்க நூல்களில் நிலைபெற்றது. இங்கு வியக்தி என்பது மனிதரை மட்டும் குறிப்பதன்று. ஒரு பசுவும் வியக்தியே.

மூன்றாவது, எண்ணுதல். தமிழில் வழங்கும் 'நபர்' என்பது அரபியில் தோன்றிப் பாரசீகம், உருது வழியாக வந்த சொல். அரபியில் அது சிறு குழுவினரைக் குறித்தது. பாரசீகத்தில் ஆட்களை எண்ணும் அலகுச் சொல்லாயிற்று. குழுவைச் சுட்டிய சொல் ஒருவரைச் சுட்டும் சொல்லாக ஒடுங்கியது நோக்கத்தக்கது. தமிழில் அதன் இறுதி ரகரம் பலர்பால் ஈற்றோடு ஒத்திருப்பதால், 'நபர் வந்தார்' என உயர்வுப்பன்மை முடிபு கொள்வது இயல்பாக அமைந்துவிட்டது.

நான்காவது, பெயர் பெறுதல். மராத்தியில் காவல்துறை, வருவாய்த்துறை ஆவணங்களில் ஆளைக் குறிக்க 'இசம்' என்னும் சொல் பெருவழக்காக உள்ளது. பெயர் எனப் பொருள்படும் அரபிச் சொல்லே இது. அதன் பன்மை வடிவத்திலிருந்து கிளைத்த 'ஆசாமி', வருவாய்ப் பதிவேட்டில் பெயர் குறிக்கப்பட்ட உழவரைச் சுட்டித் தமிழிலும் மராத்தியிலும் வழங்கியது. இன்று தமிழ்ப் பேச்சுவழக்கில் சற்றே இளக்காரத் தொனியுடன் அது வாழ்கிறது. பதிவேட்டில் பெயர் இருப்பவரே ஆள் என்னும் ஆட்சிமுறை நோக்கு இவ்விரு சொற்களிலும் படிந்துள்ளது.

ஐந்தாவது, பிரிந்து நிற்றல். தமிழின் 'தனி' பிறவற்றிலிருந்து விலகி நிற்பதைக் குறிக்கிறது. ஒப்பற்ற தன்மையையும் துணையற்ற நிலையையும் அது ஒருங்கே உணர்த்தும். 'தனிப்பெருந்தலைவர்' என்பதில் முதற்பொருளும், 'தனிமை' என்பதில் இரண்டாம் பொருளும் மேலோங்குகின்றன. இலத்தீன் சொல் பொருளின் உள்நோக்கி நின்று அது பிளவுபடாது என்கிறது. தமிழ்ச் சொல் புறநோக்கி நின்று அது பிறவற்றோடு சேராது என்கிறது. பிரிபடாமையும் பிரிந்திருத்தலும் ஒன்றல்ல. துறைதோறும் எழும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களிற் பல இவ்வேறுபாட்டிலிருந்தே முளைக்கின்றன.

3. இலக்கணத்தில் ஒருவர்

தமிழிலக்கணம் இக்கருத்தை எண், பால், திணை ஆகியவற்றின் வழி அணுகுகிறது. ஒருவன், ஒருத்தி என்பன ஒருமை, பால் வெளிப்படை. ஆண்பாற்கும் பெண்பாற்கும் பொதுவான ஒருமைச் சொல் வேண்டுமாயின் 'ஒருவர்' என்பதையே நாடவேண்டும். இச்சொல் இருபாற்கும் உரியது எனவும், பொருளால் ஒருமையாயினும் பன்மை முடிபே கொள்ளும் எனவும் தொல்காப்பியம் பெயரியலில் விதிக்கிறது. பால் குறியாத தனிமனிதரைத் தமிழ் சுட்டும்போது அவர் இலக்கணப்படி பலராகிறார். 'தனிமனிதன்' என்னும் சொல்லின் ஆண்பால் ஈற்றைத் தவிர்க்க விழையும் இக்கால எழுத்தாளர் 'தனிமனிதர்' என எழுதும்போது, இப்பழைய விதியையே மீண்டும் நடைமுறைப்படுத்துகின்றனர்.

திணைப் பாகுபாடு மற்றொரு வரையறையை இடுகிறது. மேலைச் சொல் மனிதர், விலங்கு, மரம், விண்மீன் அனைத்திற்கும் பொது. தமிழில் மனிதன், நபர், ஆள் என்பன உயர்திணைக்கு உரியவை. ஆகவே உயிரியல் நூலில் ஒரு சொல்லும் சமூகவியல் நூலில் வேறொரு சொல்லும் வருவது தவிர்க்க இயலாததாகிறது. மூலநூலாசிரியர் ஒரே சொல்லைக்கொண்டு மனிதரையும் விலங்கையும் இணைத்து வாதிடும் இடங்களில், மொழிபெயர்ப்பில் அவ்விணைப்பு அறுந்துபோகும் வாய்ப்புண்டு.

அகத்திணை மரபும் இங்குக் கருதத்தக்கது. அகப்பாட்டில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டிக் கூறுதல் ஆகாது என்பது தொல்காப்பிய நெறி. புறப்பாட்டில் பெயர் சுட்டலாம். உள்ளத்து உணர்வை மிக நுட்பமாகப் பேசும் பாடலில் பெயர் இல்லை. போர், கொடை போன்ற பொதுவாழ்வைப் பேசும் பாடலில் பெயர் உண்டு. தனித்த உணர்வும் தனித்த பெயரும் ஒருவரிடமே குவிய வேண்டும் என்னும் இக்கால எதிர்பார்ப்பு எல்லாக் காலத்திற்கும் உரியதன்று என்பதை இது காட்டுகிறது.

4. மானிடவியலில் பகுபடும் ஆள்

தனிமனிதர் குறித்த மானிடவியல் விவாதத்தில் தமிழகத்திற்குச் சிறப்பிடம் உண்டு. பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் பிரமலைக் கள்ளரிடையே களப்பணி செய்து, 1957இல் அதன் விளைவை நூலாக வெளியிட்டார். 1966இல் வெளிவந்த அவருடைய 'ஓமோ ஹைரார்க்கிக்கசு' என்னும் நூலில் ஓர் அடிப்படை வேறுபாடு முன்வைக்கப்பட்டது. பேசும், எண்ணும், விரும்பும் உயிருடைய மனிதர் எல்லாச் சமூகத்திலும் உண்டு. ஆனால் அவரையே சமூகத்தின் உயர்மதிப்பாகக் கொள்வது எல்லாச் சமூகத்திலும் இல்லை என்பதே அது. இந்தியச் சமூகத்தில் அம்மதிப்பை உலகத்திலிருந்து விலகிய துறவியிடமே காணலாம் என்பது அவர் கருத்து. மொழிபெயர்ப்பாளருக்கு இங்கு இரு சொற்கள் தேவைப்படுகின்றன. முதலாவதற்கு 'தனியாள்' எனவும், மதிப்பாகிய இரண்டாவதற்குத் 'தனிமனிதர்' எனவும் வேறுபடுத்தாவிடின், இந்தியாவில் தனியாட்களே இல்லை என்று துய்மோன் சொன்னதாகப் பொருள்பட்டுவிடும்.

1970களில் மெக்கிம் மேரியட், தெற்காசிய ஆளைப் பகுக்க இயலாதவராகக் கருதாமல், உணவு, தீண்டல், சொல், கொடை ஆகியவற்றின் வழியே பொருட்கூறுகளைப் பெற்றும் தந்தும் மாறுபவராக விளக்கினார். அதற்கென மேலைச் சொல்லின் எதிர்மறை முன்னொட்டை நீக்கிப் புதுச்சொல் ஒன்றையும் ஆண்டார். இச்சொல்லைத் தமிழாக்கத் 'தனி' என்னும் அடி உதவாது. அதனிடம் நீக்குவதற்கு எதிர்மறை ஒட்டு இல்லை. ஆனால் நன்னூல் வழி நாம் அறிந்த பகுபதம், பகாப்பதம் என்னும் இணை இங்குக் கைகொடுக்கிறது. 'பகாவாள்', 'பகுவாள்' என்னும் ஆக்கங்கள் முதலில் விந்தையாகத் தோன்றினும், மூலத்தின் வாதத்தை அப்படியே தாங்கக் கூடியவை.

வேலன்டைன் டேனியலின் 1984ஆம் ஆண்டு நூல், தமிழ்ச் சிற்றூர் ஒன்றில் ஊர், வீடு, உடல் ஆகியவற்றின் இயல்புகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாயும் தன்மையை ஆராய்ந்தது. மாட்டிசன் மைன்ஸ் 1994இல் வெளியிட்ட நூல் இதற்கு மறுதலையான பார்வையைத் தந்தது. சென்னை ஜார்ஜ் டவுன் வணிகச் சமூகத்தை ஆராய்ந்த அவர், கோயில், சங்கம், அறக்கட்டளை ஆகியவற்றின் வழிப் பெயர் பெற்ற 'பெரியவர்' என்னும் நிலை, குழுவுக்குள்ளேயே தனித்தன்மை மலர்வதற்குச் சான்று என வாதிட்டார். குழுச்சார்பும் தனித்தன்மையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பது இதனால் பெறப்படும்.

5. சட்டத்தில் ஆளும் தனியாளும்

சட்டமொழியில் 'ஆள்' பெருவகை. 'தனியாள்' அதன் ஒரு வகை. இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவது 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டமாகும். அதன் 2ஆம் பிரிவின் 31ஆம் உட்பிரிவு, ஆள் என்னும் சொல்லுள் தனியாள், பிரிவினையாகாத இந்துக் குடும்பம், நிறுமம், கூட்டு வணிக நிறுவனம், ஆட்களின் கூட்டம், உள்ளாட்சி அமைப்பு, ஏனைய செயற்கைச் சட்ட ஆள் என ஏழு வகையை அடக்கியது. 'பர்சன்', 'இண்டிவிஜுவல்' இரண்டையும் 'நபர்' எனப் பெயர்த்தால் இப்பிரிவு பொருளற்றதாகிவிடும்.

இப்பட்டியலில் ஒரு முரண் பொதிந்துள்ளது. பிரிக்கப்படாதது என்னும் அடைமொழி இங்குத் தனியாளுக்கு அன்றிக் குடும்பத்திற்கே தரப்பட்டுள்ளது. இலத்தீன் சொல்லின் நேர்ப்பொருளை வைத்து நோக்கின், இந்துச் சட்டத்தில் பகாப்பொருளாக நின்றது குடும்பமே. பாகப்பிரிவினை நிகழ்ந்த பின்னரே உறுப்பினர் பங்குடையவராகத் தனித்து நிற்கிறார். அதிலும் மகளிர் நெடுங்காலம் பிறப்பால் பங்கு பெறும் உரிமையற்றிருந்தனர். தமிழ்நாடு 1989 முதலும், மகாராட்டிரம் 1994 முதலும் மாநிலத் திருத்தங்களால் மகளுக்கு அவ்வுரிமையை வழங்கின. 2005ஆம் ஆண்டின் நடுவண் சட்டத்திருத்தம் அதனை நாடு முழுமைக்கும் விரித்தது. மாநிலத் திருத்தங்கள் இரண்டும் திருத்தம் நடைமுறைக்கு வருமுன் மணமான மகளை விலக்கியிருந்தன. இருமாநில ஆவணங்களையும் கையாளும் முலுண்ட் தமிழ்க் குடும்பத்தின் மொழிபெயர்ப்பாளர், 'குடும்ப உறுப்பினர்', 'பங்குரிமையர்' என்னும் சொற்களைக் கலந்தால், ஒரு மகளின் உரிமையே எழுத்தில் மறைந்துபோகக் கூடும்.

அரசியலமைப்பு மற்றொரு தளத்தில் இயங்குகிறது. அதன் முகப்புரை தனிமனிதரின் மாண்பைப் பேசுகிறது. 19ஆம் உறுப்பு குடிமக்களுக்கும், 14, 21ஆம் உறுப்புகள் ஆள் எவருக்கும் உரிமை வழங்குகின்றன. 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியலமைப்பு அவையில் உரையாற்றிய அம்பேத்கர், வரைவு சிற்றூரை விடுத்துத் தனிமனிதரை அலகாகக் கொண்டமைக்கு மகிழ்ச்சி தெரிவித்தார். இங்குத் தனிமனிதர் என்பது எண்ணிக்கை அன்று. சாதியும் ஊரும் விழுங்காத மதிப்பு. 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமையை அடிப்படை உரிமையாக ஏற்றபோது இம்மதிப்பே மேலும் விரிவுபெற்றது.

மனிதர் அல்லாத ஆளும் உண்டு. இந்துக் கோயிலின் தெய்வத்தைச் சட்ட ஆளாக இந்திய நீதிமன்றங்கள் ஏற்று வந்துள்ளன. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பத்தூர் நடராசர் செப்புத் திருமேனி குறித்த வழக்கில், இந்தியச் சட்டப்படி சட்ட ஆளாகிய கோயில் தன் பெயரால் வழக்காடலாம் என இலண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் ஏற்றது. திருமேனியும் தாயகம் மீண்டது. நடராசரைச் 'சட்ட நபர்' என்பதைவிடச் 'சட்ட ஆள்' என்பது பொருந்தும். எனினும் எந்நிலையிலும் 'தனிநபர்' என்றல் பொருந்தாது. ஈழத்தில் 'ஆட்பதிவுத் திணைக்களம்' என்னும் அரசுத் துறைப் பெயரில் 'ஆள்' நிலைபெற்றிருப்பது இத்தேர்வுக்கு வலுச் சேர்க்கிறது.

மும்பையின் குடிசைப்பகுதி மறுவாழ்வு விதிகளில் காணப்படும் ஓர் எடுத்துக்காட்டும் இவண் குறிப்பிடத்தக்கது. தகுதிபெற்ற ஒவ்வொரு குடிசைக்கும் தனித்தனியே செய்துகொள்ளப்படும் ஒப்பந்தம், குடிசைக்கு உரியவர், அவருடைய வாழ்க்கைத் துணை ஆகிய இருவர் பெயரிலும் கூட்டாக அமைதல் வேண்டும். இவ்வொப்பந்தத்திற்கு மூலத்தில் அமைந்த அடைமொழி இண்டிவிஜுவல் என்பதே. 'தனிநபர் ஒப்பந்தம்' எனத் தமிழாக்கினால் மனைவியின் கையெழுத்து தேவையற்றதாகத் தோன்றும். 'குடிசைவாரி ஒப்பந்தம்' என்பதே உண்மைப் பொருள்.

6. எண்ணப்படும் ஆள்

பொருளியலில் பெருவழக்காக உள்ள 'தனிநபர் வருமானம்' என்னும் சொல் ஆராய்தற்குரியது. நாட்டு வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்துப் பெறும் ஈவு அது. எந்த நபரின் வருமானமும் அன்று. பம்பாயில் பிறந்த தாதாபாய் நவ்ரோஜி, 1867-68ஆம் ஆண்டுக்கு இந்தியரின் வருமானத்தைத் தலைக்கு 20 ரூபாய் என மதிப்பிட்டபோது, வறுமையின் அளவைக் காட்ட அவ்வீவைப் பயன்படுத்தினார். 'தலா வருமானம்' என்பதே இதற்கு ஏற்றது. 'தனிநபர் வருமானம்' என்பதை ஒருவர் உண்மையில் பெறும் வருவாய்க்கு ஒதுக்குவது நலம்.

உணவுப் பங்கீட்டில் அலகு ஒரே சட்டத்திற்குள் மாறுகிறது. 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்தினர்க்குத் திங்கள்தோறும் ஆளுக்கு 5 கிலோ தானியம். அந்தியோதயக் குடும்பத்திற்கோ குடும்பத்துக்கு 35 கிலோ. முன்னதில் ஆள் அலகு. பின்னதில் குடும்பம் அலகு. 'ஆளுக்கு', 'குடும்பத்துக்கு' என்னும் இரு எளிய வேற்றுமை வடிவங்களில் ஒரு வீட்டின் உணவளவு அடங்கியிருக்கிறது. அதே சட்டம் 18 வயது நிறைந்த மூத்த பெண்ணைக் குடும்பத் தலைவராகக் கொள்வதால், 'தலைவன்' என்னும் ஆண்பால் வடிவமும் இங்கு வழுவாகும்.

நிலவரி வரலாறும் இதனோடு தொடர்புடையது. பாராமகால் பகுதியில் 1792 முதல் அலெக்சாந்தர் ரீடும் தாமஸ் மன்றோவும் உருவாக்கிய இரயத்துவாரி முறை, ஊரையோ சமீன்தாரையோ விடுத்து உழவரோடு நேரடியாகத் தீர்வை முடிவு செய்தது. அம்முறை பின்னர்ச் சென்னை, பம்பாய் மாகாணங்கள் இரண்டிலும் பரவியது. எனினும் 'தனிப்பட்டா', 'கூட்டுப்பட்டா' என்னும் சொற்கள் இன்றும் அருகருகே வழங்குவது, அம்முறை குடும்பத்தை முற்றிலும் கரைத்துவிடவில்லை என்பதற்குச் சான்றாகும்.

7. உயிரியலில் தனியன்

முலுண்டின் மேற்கெல்லை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டியது. அங்கு 2015ஆம் ஆண்டு தானியங்கி ஒளிப்படக் கருவிகளின் துணையால் நடத்தப்பட்ட ஆய்வில் 35 சிறுத்தைகள் அடையாளம் காணப்பட்டன. ஒவ்வொரு சிறுத்தையின் புள்ளி அமைப்பும் வேறுபடுவதால் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முடிகிறது. இங்கு வேண்டப்படும் சொல் நபரும் அன்று, மனிதரும் அன்று. இலங்கைத் தமிழ் உயிரியல் நூல்களில் வழங்கும் 'தனியன்' இவ்விடத்திற்குப் பொருந்தும். வைணவ மரபில் அச்சொல் ஆசிரியரையும் நூலையும் போற்றும் தனிப்பாடலைக் குறிக்கும் எனினும், சூழல் பொருளைத் தெளிவாக்கும்.

தாவரங்களில் சிக்கல் மிகுகிறது. சென்னை அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் அடிமரம் 1989இல் புயற்காற்றில் சாய்ந்தது. விழுதுகளிலிருந்து உருவான மரங்கள் வாழ்கின்றன. அது ஒரு மரமா, பல மரங்களா? மரபணுவை அளவாகக் கொண்டால் ஒன்று. வேர்கொண்டு தனித்து வாழும் ஆற்றலை அளவாகக் கொண்டால் பல. பிரிபடாமையும் பிரிந்து நிற்றலும் இங்கு இரு வேறு விடைகளைத் தருகின்றன. ஆகவே உயிரியலில் தனியன் என்பது காணக்கிடைப்பதன்று. எந்த அளவுகோலால் வரையறுக்கப்படுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டியது.

8. மொழியியலில் பேசுநர்

மொழி வாழும் இடம் தனியாளா, சமூகமா என்பது மொழியியலின் நெடுநாள் வினா. 1880இல் ஹெர்மன் பவுல், தனியாளின் உள்ளத்தையே மொழிவரலாற்றின் களமாகக் கொண்டார். சசூர் மொழியமைப்பைச் சமூகத்திற்கும் பேச்சைத் தனியாளுக்கும் உரியதாகப் பகுத்தார். 1948இல் பெர்னார்ட் பிளாக் ஒருவர்க்குரிய பேச்சுவழக்கைக் குறிக்கக் கலைச்சொல் படைத்தார். வில்லியம் லபோவ் 1960களில் நியூயார்க்கில் செய்த ஆய்வு, தனியாளின் பேச்சில் சிதறலாகத் தோன்றும் வேறுபாடுகள் பேச்சுச் சமூகத்தின் அளவில் ஒழுங்குடையன எனக் காட்டியது. சோம்சுகி 1986இல் மொழியை மீண்டும் தனியாளின் அகத்தே நிறுத்தினார்.

பிளாக்கின் கலைச்சொல்லுக்குத் 'தனிமொழி' என்பதை ஈடாக்குவது தகாது. தனிமொழி, தொடர்மொழி, பொதுமொழி என்னும் இலக்கணப் பாகுபாட்டில் அது தனிச்சொல்லைக் குறிக்கும். நாடகத்தில் ஒருவர் தனித்துப் பேசுவதைக் குறிக்கும். 'தனியாள் வழக்கு' எனலே பொருந்தும்.

மொழித்தொடர்பு நிகழும் இடம் மொழிகளைப் பயன்படுத்தும் தனியாளே என 1953இல் யூரியல் வைன்ரைக் உணர்த்தினார். மகாராட்டிரத்தின் சாங்கிலி மாவட்டத்துக் குப்வாடில் கன்னடம், மராத்தி, உருது ஆகியவற்றின் தொடரமைப்புகள் ஒன்றையொன்று நெருங்கியிருப்பதைக் கம்பர்சும் வில்சனும் 1971இல் விளக்கினர். அந்நெருக்கம் பன்மொழி பேசுநரின் அன்றாட வழக்கால் விளைந்தது. முலுண்ட் போன்ற நகர்ப்பகுதியிலும் வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று என மொழிகளை மாற்றிப் பேசும் தனியாளே மொழிகளின் சந்திப்பிடம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவ்வினாவுக்கு நடைமுறை விடை ஒன்றைத் தருகிறது. ஒருவர்க்குக் குழந்தைப் பருவத்தில் அவர் தாய் பேசிய மொழியே அவர் தாய்மொழி. ஒரு வீட்டார் அனைவர்க்கும் ஒரே தாய்மொழி எனக் கணக்கெடுப்பாளர் கருதலாகாது. தமிழ் மாமியாரும் மராத்தி மருமகளும் வாழும் வீட்டில், மருமகளின் குழந்தைக்குத் தாய் எம்மொழியில் பேசினாரோ அதுவே பதியப்பட வேண்டும். ஆனால் வினாவுக்கு விடை தருபவர் பெரும்பாலும் வீட்டில் ஒருவரே. தனியாளுக்கென வரையறுத்த செய்தி, குடும்பத்தின் வாயிலாகவே பதிவாகிறது. 2027 மார்ச்சு 1ஆம் நாளைப் பொதுக் குறிப்புநாளாகக் கொண்ட கணக்கெடுப்பு 2025 சூனில் அறிவிக்கப்பட்டது. வினாவின் மொழியாக்கத்தில் 'உங்கள் தாய்மொழி' என்பதற்கும் 'இவருடைய தாய்மொழி' என்பதற்கும் உள்ள வேறுபாடு, மும்பைத் தமிழரின் எண்ணிக்கையையே பாதிக்கக் கூடியது.

9. பெயரும் ஆளும்

தனியாளை முதலில் வேறுபடுத்துவது பெயர். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டத்தைப் பெயரோடு இணைப்பதைக் கைவிடுமாறு கோரியது. தந்தை பெயரின் தலைப்பெழுத்தும் இயற்பெயரும் மட்டுமே கொண்ட வடிவம் தமிழகத்தில் பெருவழக்காயிற்று. மகாராட்டிரத்தில் இயற்பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், 'ஆட்னாவ்' எனப்படும் குடும்பப்பெயர் என மூன்று உறுப்புகள் வேண்டப்படுகின்றன. 2024இல் அரசு ஆவணங்களில் தாயின் பெயரையும் சேர்க்க அம்மாநில அமைச்சரவை முடிவு செய்தது.

முலுண்டில் குடியேறும் தமிழ்க் குடும்பம் குடும்பப்பெயருக்குரிய கட்டத்தை நிரப்ப வேண்டிவரும்போது இரு வழிகளே உள. தந்தை பெயரை அங்கு எழுதினால் தலைமுறைதோறும் 'குடும்பப்பெயர்' மாறும். பாட்டனும் பேரனும் ஆவணத்தில் வெவ்வேறு குடும்பத்தினர் ஆவர். சாதிப்பட்டத்தை எழுதினால் தாயகத்தில் துறந்தது இங்கு மீளும். கட்டத்தின் தலைப்பைக் 'குடும்பப்பெயர்' எனத் தமிழாக்குவது இவ்விரண்டாம் வழிக்கே தூண்டும். 'இறுதிப்பெயர்' என்னும் நடுநிலைச் சொல் முதல் வழிக்கும் இடந்தரும்.

10. மொழிபெயர்ப்பாளர்க்குரிய வரையறைகள்

மேற்கூறியவற்றால் பெறப்படும் வரையறைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

மாண்பு, உரிமை, மதிப்பு ஆகியவற்றைப் பேசுமிடத்துத் 'தனிமனிதர்'. உளவியல், மொழியியல், மானிடவியல் ஆகியவற்றில் ஆய்வுக்குரிய அலகாக 'தனியாள்'. சட்டத்தில் உரிமைக்கும் கடமைக்கும் உரிய பெருவகை 'ஆள்'. அதன் மனித வகை 'தனியாள்'. எண்ணிக்கை மட்டும் கருதப்படுமிடத்து 'நபர்', சராசரியாயின் 'தலா'. மனிதர் அல்லா உயிரியில் 'தனியன்'. மொழியாலும் அதிகாரத்தாலும் உருவாக்கப்படும் நிலையைப் பேசும் இலக்கியக் கோட்பாட்டில் 'தன்னிலை'. பண்புத்தொகுதியைக் குறிக்குமிடத்து 'ஆளுமை'. 'தனியார்' என்பது அரசுசாரா உடைமையைக் குறிப்பதாக நிலைபெற்றுவிட்டமையால் பிற பொருளில் ஆளாமை நன்று.

ஒரே நூலில் பல துறைகள் கலக்குமிடத்து, முதலில் வரும் இடத்திலேயே எவ்வேறுபாடு கருதப்படுகிறது என ஒரு தொடரால் விளக்கிவிடுதல் வேண்டும். மராத்தி வழி வரும் ஆவணங்களில் 'வியக்தி' என்பது பெண்பால் பெயராக இயங்கும். இந்தியில் அதுவே ஆண்பால். அங்குள்ள வினைமுடிபைக் கொண்டு ஆளின் பாலை முடிவு செய்தல் தவறாகும். தமிழில் 'ஒருவர்' என்னும் வடிவமே பாதுகாப்பானது.

11. முடிவுரை

பகாமை, வெளிப்பாடு, எண், பெயர், பிரிவு என்னும் ஐந்து நோக்குகளையும் ஒரு சொல்லில் அடக்கும் ஆற்றல் எம்மொழிச் சொல்லுக்கும் இல்லை. மேலைச் சொல் அவற்றை அடக்கியதுபோல் தோன்றுவதற்குக் காரணம், துறைகள் பலவும் அதனை நெடுங்காலம் தமக்குள் பகிர்ந்துகொண்டமையே. தமிழில் பல சொற்கள் இருப்பது குறைபாடன்று. மூலத்தில் மறைந்து நிற்கும் வேறுபாடுகளை வெளிப்படுத்தும் வாய்ப்பாகும். அவ்வாய்ப்பு பயன்பட வேண்டுமாயின் சொற்கள் துறைதோறும் வரையறுக்கப்பட வேண்டும். வரையறை தவறுமிடத்து இழப்பு கலைச்சொல் அகராதியோடு முடிவதில்லை. மகளின் பங்கு, மனைவியின் கையெழுத்து, குழந்தையின் தாய்மொழி, ஆளுக்குரிய 5 கிலோ தானியம் ஆகியவை அச்சொற்களைப் பற்றியே நிற்கின்றன.